தனியாக ஒரு கேக்

— கொஞ்சம் நகருங்க, கண்ணாடி தெரியல.

— சுவர் முழுக்கக் கண்ணாடி. இதுல எவ்வளவு இடம்தான் வேணும் உனக்கு?

— உங்க மூஞ்சி தெரியாத அளவுக்கு.

— சரி தாயே, நகர்ந்துட்டேன். இன்னும் நகரணும்னா கதவுக்கு வெளியேதான் போய் நிக்கணும்.

— கதவு திறந்துதானே இருக்கு.

— வாய் மட்டும் அப்படியே இருக்கு. அதாவது, நான் என்ன கேட்டேன்னா, முதல் சுத்துலயே நம்ம ரெண்டு பேரையும் எதிரெதிரா நிறுத்தப் போறாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?

— தெரிஞ்சிருந்தா வந்திருப்பேனா? பத்தாவது வருஷ சிறப்புப் போட்டி, ஒவ்வொரு சீசன்ல இருந்தும் பழைய ஆளுங்களைக் கூப்பிடறோம்னு சொன்னாங்க. உங்க கூட மோதணும்னு யாரும் சொல்லல.

— மோதறது நமக்கு என்ன புதுசா?

— அது வீட்டுல. இது டிவியில.

— ஹலோ சார், ஹலோ மேடம்! நான்தான் இன்னைக்கு செட்டுல உங்களைப் பார்த்துக்கப் போற பொண்ணு. ஐயோ, உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா பார்க்கறது எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா? ஸ்கூல் படிக்கறப்போ உங்க சீசன்ல ஒரு நாள்கூட விடமாட்டேன். கோப்பையைக் கையில வெச்சுக்கிட்டே சார் உங்ககிட்ட கல்யாணம் பண்ணிக்கறியான்னு கேட்டாரே, எங்க வீட்டுல எல்லாரும் அழுதோம் மேடம்.

— நானும் அழுதேன்மா. இன்னும் நிறுத்தல.

— சூப்பர், சூப்பர்! இதையே கேமரா முன்னாடியும் சொல்லுங்க. ஆமா, வாசல்ல சொன்னாங்க, நீங்க ஒரு வண்டியில, சார் ஒரு வண்டியில வந்தீங்களாமே?

— அதாவதும்மா, எதிராளிங்க ஒரே வண்டியில வந்து இறங்கினா நல்லாவா இருக்கும்?

— குலுக்கலே இப்பதானே சார் நடந்துச்சு?

— எனக்கு முன்யோசனை ஜாஸ்தி.

— சார் செம! சரி, ரூல்ஸ் சொல்லிடறேன். ஆளுக்கு ஒரு மேஜை, ஆளுக்கு ஒரு ஓவன். மாவு கலக்கறதுல இருந்து மேல பூ வெக்கற வரைக்கும் ஒருத்தரே செய்யணும், உதவியாள் கிடையாது. விசில் ஊதினப்புறம் எதிராளிக்கு யாராவது யோசனை சொன்னா, சொன்னவங்க போட்டியை விட்டு வெளியே. ஓகேவா?

— குலுக்கல்னு சொன்னியேம்மா, அந்தக் கிண்ணத்துல இருந்த எல்லாச் சீட்டுலயும் எங்களைத்தான் எழுதி வெச்சிருந்தீங்களா?

— ஐயோ சார், நான் சின்னப் பொண்ணு, எனக்கு அதெல்லாம் தெரியாது. இதோ, பத்து நிமிஷத்துல கூப்பிட்டுடுவேன். ஓகேவா?

— வந்ததுல இருந்து ஆளாளுக்குச் சொல்றதுல இது மூணாவது பத்து நிமிஷம்.

— விடுங்க, போயிட்டா. எதுக்கு இப்படி நடந்துக்கிட்டே இருக்கீங்க? உட்காருங்களேன். எனக்குத் தலை சுத்துது.

— உட்கார்ந்தா கால் ஆடுது. அக்கா வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?

— சௌக்கியம். அந்தப் பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லிடலாமா?

— எதை?

— டிவியில எல்லாரும் கொண்டாடின கேக் ஜோடி இப்போ ஒரே வீட்டுல இல்ல, பொண்டாட்டி பெட்டியைத் தூக்கிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போய் மாசக்கணக்காச்சுன்னு.

— சும்மா இரு. கடைப் பேரு என்னாகறது?

— ஆமாமா, உங்களுக்குக் கடைப் பேரு. போர்டுல இருக்கறது உங்க மூஞ்சி மட்டும்தானே.

— கடையில எது குறைஞ்சுது இப்போ? விடிகாலையில நான் வந்து ஸ்பாஞ்ச் கேக் சுட்டு அடுக்கி வெச்சுட்டுக் கிளம்பிடறேன். அப்புறம் நீ வந்து க்ரீம் போட்டு முடிக்கற. வாங்கறவங்களுக்கு ஏதாவது வித்தியாசம் தெரியுதா?

— எனக்குத் தெரியுது. நான் வர்றப்போ ஓவன் சூடா இருக்கு, ஆள் இல்ல.

— நான் இருக்கற நேரத்துக்கு வரமாட்டேன்னு சொன்னது யாரு?

— நான்தான் சொன்னேன். அதுக்காக? போன வாரம் ஸ்பாஞ்ச் எல்லாம் மேல வெடிச்சிருந்துச்சு. ஓவன் சூட்டை ஏத்தி வெச்சு அவசரத்துல எடுத்திருக்கீங்க. ராத்திரியெல்லாம் தூங்கறதே இல்லையா?

— உன் ரோஜா மட்டும் என்ன வாழுதாம்? வர வர இதழ் குறைஞ்சுக்கிட்டே வருது. போன வாரம் ஒண்ணைப் பார்த்தேன், ரோஜாவா முட்டைக்கோஸான்னே புரியல.

— அதை நீங்க எப்போ பார்த்தீங்க? நான் போனப்புறம் கடைக்கு வந்தீங்களா?

— சாவியை மறந்துட்டேன். எடுக்க வந்தேன்.

— கேக் வெக்கற கண்ணாடிப் பெட்டிக்குள்ளயா சாவி இருந்துச்சு?

— அதாவது… போற வழியில கண்ணுல பட்டுச்சு.

— அங்கே என்ன, மேஜையில வெள்ளையா? என்ன அது, ஷேவிங் க்ரீமா?

— மேக்கப் போடறவர் வெச்சுட்டுப் போனது. ஒரு பிளாஸ்டிக் பையில அடைச்சு, சும்மா ஒரு பூ வெச்சுப் பார்த்தேன்.

— இது பூவா?

— மொட்டு.

— கடவுளே. இந்த மொட்டை வெச்சா கோப்பை வாங்கினீங்க? இறுதிப் போட்டியில என் பூவைவிட உங்க பூ நல்லா இருந்துச்சுன்னுதானே உங்களுக்குக் கொடுத்தாங்க?

— அப்போ கை பழகியிருந்துச்சு. நீ வந்தப்புறம் நான் எதுக்குப் பூ வெக்கணும்? கல்யாணத்துக்கு அப்புறம் இந்தக் கை க்ரீம் பையைத் தொட்டதே இல்ல.

— நான் மட்டும்? மாவு கலந்து எத்தனை வருஷமாச்சு. நீங்க சுட்டு வெக்கறீங்க, நான் போடறேன். ஸ்பாஞ்ச் எப்படி வேகுதுன்னே மறந்து போச்சு. வந்த ஆளுங்களைப் பார்த்தீங்களா வெளியே? எல்லாரும் முழு ஆளுங்க. நாம ரெண்டு பேரும் அரை அரை ஆளு.

— நாடே பார்க்கப் போகுது. சாம்பியன் வெச்ச மொட்டை.

— பையை நடுவுல பிடிக்காதீங்க. நடுவுல அமுக்கினா க்ரீம் பின்பக்கம் வழியும். மேல முறுக்கிப் பிடிச்சு, அங்கே இருந்து அமுக்கணும். இடது கை சும்மா தாங்கிக்கிட்டு இருந்தா போதும். அதான். இன்னும் மெதுவா. இப்போ மணிக்கட்டைச் சுத்துங்க. தோளைச் சுத்தாதீங்க, மணிக்கட்டை!

— ஏய், வந்துடுச்சு! பாரு, இதழ்!

— ம். முட்டைக்கோஸ் அளவுக்கு வந்துட்டீங்க. சரி, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. முட்டையும் சர்க்கரையும் எது வரைக்கும் அடிக்கணும்?

— அதையெல்லாம் எதிராளிகிட்ட சொல்லுவாங்களா?

— நான் இப்போ சொன்னேனே?

— அது உன் தப்பு. போட்டின்னா போட்டிதான்.

— சரி, சொல்லாதீங்க. மேல பூசறவளுக்கு அது எதுக்கு.

— இந்தா, நான் விளையாட்டுக்குத்தான்… அதாவது, அன்னைக்கு நான் சொன்னது வந்து…

— மேடம், சார், மைக் மாட்டணும்! பயப்படாதீங்க, இது இன்னும் ஆன் ஆகல. செட்டுக்குள்ள போனதும்தான் ஆன் பண்ணுவோம். மேடம், கொஞ்சம் திரும்புங்க. அப்புறம் முன்னோட்டத்துக்கு ஆளுக்கு ஒரு சவால் வேணும், என் போன்லயே எடுத்துக்கறேன். எதிராளியைப் பார்த்துச் சூடா ஒரு வரி. மேடம், நீங்க முதல்ல. ரெடி, பேசுங்க!

— நான் கேக் மேல பூசறதோட சரின்னு என் வீட்டுக்காரர் ஊருக்கே சொல்லி வெச்சிருக்கார். இன்னைக்கு அடியில இருந்து ஒரு முழுக் கேக் செஞ்சு காட்டறேன். அவரும் பார்க்கட்டும், ஊரும் பார்க்கட்டும்.

— ஐயோ மேடம், நெருப்பு! நிஜமாவே கோவம் வந்த மாதிரியே இருந்துச்சு! சார், இப்போ நீங்க. இதைவிடச் சூடா.

— எனக்கு ஒண்ணும் இல்லம்மா.

— ஏதாவது ஒண்ணு சார். சவால்!

— நல்லா செய்யட்டும்.

— அது சவால் இல்ல சார், வாழ்த்து.

— என்கிட்ட இப்போதைக்கு அதுதான் இருக்கு.

— சரி, எடிட்டிங்ல ஏதாவது இசை போட்டுச் சமாளிச்சுக்கறேன். பத்து நிமிஷம், ஓகேவா? இந்தத் தடவை நிஜமான பத்து நிமிஷம்.

— ஏன் இப்படி கேமராவுலயே போட்டு உடைச்சுட்ட?

— நீங்க கடை நிறைய ஆளுங்க இருக்கறப்போதானே சொன்னீங்க.

— ஆர்டர் கொடுக்க வந்த அம்மா, முழுக் கேக்கும் நீங்களேதான் செய்வீங்களான்னு உன்னைக் கேட்டாங்க. நான் ஏதோ வாய் தவறி…

— ‘அவ மேல பூசறதோட சரி, கேக் செய்யறது நான்தான்.’ இது வாய் தவறினதா? பல்லைக் காட்டிக்கிட்டே சொன்னீங்க.

— தமாஷுக்குச் சொன்னது தாயே.

— யாரும் சிரிக்கலையே. இல்ல, ஒருத்தர் சிரிச்சார். நீங்க.

— அதுக்கு இவ்வளவு நாளா தண்டனை?

— தண்டனை இல்ல. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அன்னைக்கு அக்கா வீட்டுக்குப் போய், அவ ஓவன்ல ஒரு கேக் செஞ்சு பார்த்தேன். நடுவுல குழி விழுந்துடுச்சு. அக்கா நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டே தண்ணியைக் குடிச்சா. அப்போதான் ஆத்திரமே வந்துச்சு. நீங்க சொன்னது பொய்யா இருந்திருந்தா சண்டை போட்டுட்டு மறந்திருப்பேன்.

— என்கிட்ட சொல்லியிருக்கலாமே.

— எப்படி? சீட்டு எழுதி ஸ்பாஞ்ச் நடுவுல செருகி வெக்கவா? இப்போ சொல்றேன் கேளுங்க. ஒரு பெரிய ஓட்டல்ல என்னைக் கூப்பிட்டிருக்காங்க. வேற ஊரு. கேக் செய்யற பகுதி முழுக்க என் பொறுப்பு. தங்கவும் இடம் தர்றாங்க.

— எப்போ கூப்பிட்டாங்க?

— அது எதுக்கு? நாளைக்குப் பதில் சொல்லணும்.

— நீ என்ன சொல்லப் போற?

— அதுக்குத்தான் இங்கே வந்தேன். அங்கே பூ வெக்கறதுக்கு மட்டும் ஆள் வேண்டாம், எல்லாம் தெரிஞ்ச ஆள் வேணும். இன்னைக்கு ஒரு முழுக் கேக்கை, இத்தனை பேர் பார்க்க, தனியா செஞ்சுட்டேன்னா நான் போறேன்.

— கேக் சரியா வரலைன்னா?

— வரலைன்னா நீங்க சொன்னதுதான் நிஜம். நம்ம கடையிலேயே பூசிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

— அக்கா வீட்டுல இருந்து வந்து போய்க்கிட்டா?

— வேற எங்கே இருக்கறது? சொல்லுங்க.

— அது… உன் இஷ்டம்.

— ஆமா. என் இஷ்டம்தான்.

— கொஞ்சம் நகரு, வழியில நிக்கற.

— மறுபடியும் நடக்க ஆரம்பிச்சுட்டீங்களா?

— முட்டையைக் குளிர்ச்சியா எடுக்காதே. விசில் ஊதினதும் முதல் வேலையா முட்டையை வெதுவெதுப்பான தண்ணியில போட்டு வை. அடிக்கறப்போ, கரண்டியைத் தூக்கினா கலவை நாடா மாதிரி மடிஞ்சு விழணும். விழுந்த தடம் உடனே மறையக்கூடாது. மறைஞ்சா இன்னும் அடி.

— எதுக்கு இதை இப்போ சொல்றீங்க?

— நீதானே கேட்ட.

— அப்போ கேட்டேன், சொல்லல. ஓட்டல்னு சொன்னதும் கொட்டறீங்க.

— மாவைப் போட்டப்புறம் அடிக்காதே. அடியில இருந்து மேல மடிச்சு விடு, அவ்வளவுதான். அக்கா வீட்டுல நீ அங்கேதான் கோட்டை விட்டிருப்ப. குழி விழுந்துச்சுன்னா மாவைப் போட்டுட்டுப் பயத்துல கிளறியிருப்ப.

— ஆமா, கிளறினேன்.

— கிளறாதே. டின்னுக்கு அடியில பட்டர் பேப்பர் போடு, ஓரத்துல எண்ணெய் தடவாதே. ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அது ஏறணும். எண்ணெய் இருந்தா வழுக்கிக் கீழே வந்துடும்.

— போதும்.

— இன்னும் ஒண்ணு…

— போதும்னு சொன்னேன்ல. என்னை அனுப்பி வெக்க அவ்வளவு அவசரமா உங்களுக்கு?

— நான் எப்போ அப்படிச் சொன்னேன்?

— எதையும்தான் நீங்க சொல்றதில்லையே. கேக்கைப் பத்திக் கேட்டா மட்டும் அருவி மாதிரி கொட்டறீங்க.

— சார், மேடம், ரெடி! எல்லாரும் காத்திருக்காங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே வர்றீங்களா? ப்ளீஸ், நல்லா இருக்கும்.

— எதிராளிங்க கையைப் பிடிக்கக்கூடாதும்மா. ரூல்ஸ் இருக்கும்.

— அப்படி ஒரு ரூல் இல்லையே மேடம்!

*

— சார், நீங்க உங்க மேஜையைப் பார்த்துச் செய்யணும். கேமராவுல எல்லாத்துலயும் உங்க முதுகுதான் தெரியுதுன்னு உள்ளே இருந்து கத்தறாங்க.

— உன்கிட்ட பேசலாம்ல? அதுக்கு விசில் இல்லையே?

— மெதுவா பேசுங்க.

— பார்த்தியா, முட்டையைத் தண்ணியில போட்டுட்டா. இப்போ தூக்கறா பாரு கரண்டியை. நாடா மாதிரி விழுது. அட, இன்னும் கொஞ்சம் அடிக்கறா. நல்ல பொறுமை.

— சார், உங்க கேக் ஓவனுக்குள்ளயே போகல. நீங்க மாவு சலிச்சுக்கிட்டு இருந்தப்பவே மேடம் எல்லாம் கலந்து உள்ளே வெச்சுட்டாங்க.

— என் ஸ்பாஞ்ச் வந்துடும். எனக்கு மேல பூதான் வராது. அவளுக்குப் பூ வந்துடும், ஸ்பாஞ்ச்தான்… மாவை மடிச்சு விட்டாளா? நீ பார்த்தியா?

— பார்த்தேன் சார். நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா?

— விசிலுக்கு முன்னாடி. அதுக்கு ரூல் இல்ல.

— எவ்வளவு காதல் சார் உங்களுக்கு!

— இந்தா, அந்த டின்னை எடுத்துக் கொடு. ஓ, உதவி கூடாதோ. சரி, நானே எடுத்துக்கறேன். உள்ளே போச்சு. இனி க்ரீம். மேல முறுக்கிப் பிடிச்சு… மணிக்கட்டு… தோள் இல்ல, மணிக்கட்டு…

— சார், யார்கூட பேசறீங்க?

— என்கூட. இரு. ஏதோ வாசனை வருது.

— கேக் வாசனை சார். எனக்குப் பசிக்குது.

— இல்லம்மா, இது கருக ஆரம்பிக்கற வாசனை. என்னுது இப்பதான் உள்ளே போச்சு. அவளோடது. அந்தக் கண்ணாடி வழியா பாரு, பின்பக்கம் மட்டும் நிறம் மாறிடுச்சு. உங்க ஓவன்ல பின்பக்கம் சூடு ஜாஸ்தி, பாவிங்களா.

— புது ஓவன் சார்.

— புதுசுன்னா இன்னும் மோசம், குணம் தெரியாது. ஒண்ணும் இல்ல, டின்னை ஒரு திருப்புத் திருப்பினா போதும். பாதிக்கு மேல வெந்தாச்சு, திறந்தாலும் அமுங்காது. அவ திருப்பிடுவா பாரு.

— கையைக் கட்டிக்கிட்டு நிக்கறாங்களே சார்.

— அதான் ஏன்னு புரியல. உள்ளே பார்த்துக்கிட்டுத்தான் நிக்கறா. மறந்துட்டாளோ? இந்த ஒண்ணை நான் சொல்லாம விட்டுட்டேன். சொல்ல வர்றதுக்குள்ள போதும்னுட்டா. நீ போய்ச் சொல்லேன்.

— ஐயோ, நான் சொன்னா என் வேலை போயிடும்.

— கருப்பாகுதும்மா!

— சார், அந்தக் கோட்டைத் தாண்டாதீங்க. சார்!

— திருப்பு! டின்னைத் திருப்பு தாயே! பின்பக்கம் கருகுது!

— சார், ரூல் மீறிட்டீங்கன்னு விசில் ஊதிட்டாங்க சார்!

— ஊதட்டும். இன்னும் ஏன் என்னைப் பார்த்துக்கிட்டு நிக்கற? துணியை எடு, கதவைத் திற, திருப்பு!

— எதுக்குங்க கத்தறீங்க? உங்களை வெளியே அனுப்பிடுவாங்க!

— அனுப்பியாச்சு! நீ முதல்ல அதைத் திருப்பு!

— சார், வாங்க. நீங்க இனி இங்கே நிக்கக்கூடாது. எல்லா கேமராவும் இங்கேதான் இருக்கு, என்னைத் திட்டுவாங்க.

— வர்றேன்மா. திருப்பிட்டாளா? அதை மட்டும் பார்த்துச் சொல்லு.

— திருப்பிட்டாங்க.

— அப்பாடா. போலாம், வா.

*

— சார், இங்கேயா இருக்கீங்க? பின்வாசல் படியில உட்கார்ந்திருக்கீங்க? நல்ல செய்தி, மேடம் அடுத்த சுத்துக்குப் போயிட்டாங்க!

— எதிராளி இல்லாத போட்டியில வேற யாரு போவாங்க?

— அதுக்காக இல்ல சார். நடுவருங்க எல்லாரும் சாப்பிட்டாங்க. உள்ளே பஞ்சு மாதிரி இருக்குன்னாங்க. எப்பவும் ஒரு வாயோட தட்டைத் தள்ளி வெக்கற நடுவர், இன்னொரு துண்டு கேட்டார் சார்! இதோ, மேடமே வந்துட்டாங்க. நீங்க பேசிக்கிட்டு இருங்க, பத்து நிமிஷம், ஓகேவா?

— தள்ளி உட்காருங்க.

— உட்காரு. இன்னொரு துண்டு கேட்டாராமே.

— கேட்டார்.

— குழி விழலையே?

— விழல. ஓரத்துல ஒரு இடம் கொஞ்சம் சிவந்திருந்துச்சு. அது மேல பூ வெச்சு மறைச்சுட்டேன்.

— அதான் உனக்குக் கைவந்த கலையாச்சே. இல்ல, தப்பா எடுத்துக்காதே, அதாவது…

— தப்பா எடுத்துக்கல. எதுக்குக் கத்தினீங்க?

— கருகிக்கிட்டு இருந்துச்சு.

— கருகட்டுமே. அது கருகினா நான் ஓட்டலுக்குப் போகமாட்டேன்னு உங்ககிட்ட சொன்னேனே. மறந்துட்டீங்களா?

— எப்படி மறக்கும்? அந்த வாசனை வந்ததுமே முதல்ல அதுதான் தோணுச்சு. பேசாம நில்லுடா, இன்னும் கொஞ்ச நேரம்தான், இவ எங்கேயும் போகமாட்டான்னு. நின்னேன். நிஜமா நின்னேன்.

— அப்புறம்?

— முடியல. நான் சொன்ன அந்த அசட்டு வார்த்தைக்காக நீ அடியில இருந்து செஞ்ச கேக் அது. அதையும் நானே பார்த்துக்கிட்டு நின்னு கருகவிட்டேன்னா, அப்புறம் நீ என் கூடவே இருந்தாலும் உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? அன்னைக்கு நான் சொன்னது பொய். கடையில அத்தனை பேர் முன்னாடி உன்னைச் சின்னதாக்கினா நான் பெரிசாயிடுவேன்னு நெனச்சேன் போல. தப்பு. ரொம்பத் தப்பு.

— இதைச் சொல்ல இத்தனை நாளா?

— ஒவ்வொரு தடவையும் சொல்ல வருவேன், நீ இருக்கமாட்ட. இன்னைக்கு நீ இருந்த, அந்தப் பொண்ணு வந்துட்டா.

— பாவம், அவ மேல போடாதீங்க.

— சரி. போனை எடு. நாளைக்கு எதுக்கு, இப்பவே ஓட்டலுக்குச் சொல்லிடு. முழுக் கேக் செஞ்சாச்சு, நாடே பார்க்கப் போகுது. போ. போய் நல்லா இரு. கடையில பூ வெக்கறதுக்கு… நான் மொட்டு வெச்சே ஓட்டிக்கறேன்.

— நிஜமாத்தான் சொல்றீங்களா?

— நிஜமாத்தான். ஆனா ஒண்ணு, இனிமே ஓவன்கிட்ட நின்னா கொஞ்சம் கவனமா இரு. அங்கே கத்தறதுக்கு நான் இருக்கமாட்டேன். எதிர் மேஜையில நின்ன எனக்கே அந்த வாசனை வந்துச்சு, பக்கத்துலயே நின்ன உனக்கு வரலையா?

— வந்துச்சு.

— வந்துச்சா? அப்புறம் எதுக்குக் கையைக் கட்டிக்கிட்டு நின்ன?

— கருகிட்டா, அதைச் சாக்கா வெச்சு நம்ம வீட்டுக்கு வந்துடலாம்னுதான்.